தொல்லையே இல்லாத குழந்தை

மூன்றரை வயதில் என் மகள் கொஞ்சம் கொஞ்சமாக அமைதியாகிக்கொண்டு வந்தாள். நான் அதைப் பெருமையாக நினைத்தேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆனாலும் அங்கிருந்துதான் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மற்ற பிள்ளைகள் ஓடும், அழும், வெளியே போகலாம் என்று அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுக்கும். என் மகள் பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்து கோரையை விரலால் நெருடிக்கொண்டிருப்பாள். ஆராதனை முடிந்ததும் பின்னால் இருக்கும் பெண்கள் அவள் கன்னத்தைக் கிள்ளுவார்கள். "இன்னா அமைதி பாரேன். தொல்லையே இல்லாத கொழந்த. நீ குட்த்து வெச்சவ," என்பார்கள். நான் சிரித்துக்கொண்டே அவள் தலையைத் தடவுவேன்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் வேலை செய்கிறேன். தைத்து வரும் ஷூவின் மேல்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் தப்பிய இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி, எந்த மிஷினிலிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்புவதுதான் என் வேலை. கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். தோல் பதனிடும் ஒரு ஷாப்பிலிருந்து இன்னொரு ஷாப்புக்கு ஈரத் தோல் ஏற்றிக்கொண்டு போவார். காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ் வரும். மகளையும் தூக்கிக்கொண்டு ஏறுவேன். கம்பெனிக்குள்ளேயே கேன்டீனுக்குப் பின்னால் ஒரு அறையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரீச் இருந்தது. அவளை அங்கே விட்டுவிட்டு லைனுக்குப் போவேன்.

இரண்டு வயது தாண்டியும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. வேலூரில் ஒரு சின்ன பயிற்சி மையத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை அழைத்துக்கொண்டு போக ஆரம்பித்தோம். அங்கே சொல்லிக்கொடுத்த பெண் என்னைவிடச் சின்னவள். எல்லோரும் அவளை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவள் என்னை அக்கா என்பாள். உள்ளங்கை அளவு அட்டைகளில் தண்ணீர், பிஸ்கெட், பந்து, தூக்கு என்று படங்கள் ஒட்டி, ஒரு நீல ஃபைலில் போட்டுக் கொடுத்தாள். வேண்டிய படத்தை மகள் உருவி எங்கள் கையில் வைக்க வேண்டும். வைத்த உடனே நாங்கள் அதைக் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

ஆறு மாதத்தில் அவள் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். அதோடு குரலும் வந்தது. தண்ணீருக்கு "ண்ணி", தூக்குவதற்கு "தூ", பிஸ்கெட்டுக்கு "பிக்கி". முதல் தடவை "ண்ணி" என்றபோது நான் சந்தோஷத்தில் மூன்று டம்ளர் தண்ணீர் கொடுத்ததில் அவள் பாவாடையெல்லாம் நனைந்துபோனது.

கோடை தொடங்கிய சமயத்தில் அது குறைய ஆரம்பித்தது. முதலில் "ண்ணி" போனது. அடுத்து "பிக்கி" அபூர்வமானது. கடைசியில் நீல ஃபைலைக்கூட அவள் எப்போதாவதுதான் தொட்டாள். வெயில், அதான் சோர்வாக இருக்கிறாள் என்று நினைத்தேன். சிறுநீர் மஞ்சளாக, மூக்கைத் துளைக்கிற வாடையோடு போனது. அதற்கும் வெயில்தான் என்றேன். இங்கே வெயில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடும்.

மையத்தில் மிஸ் தன் நோட்டைப் பார்த்தாள். "போன மாசம் ஒரு மணி நேரத்துல இருபத்தாறு தடவ கேட்டாக்கா. இன்னிக்கு நாலு. வீட்ல எப்படி?"

"இப்பல்லாம் ரொம்ப அமைதியாய்ட்டா மிஸ். எந்தத் தொல்லையும் இல்ல," என்றேன். என் குரலில் பெருமை இருந்தது. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மிஸ் பேனாவைக் கீழே வைத்தாள். கோபப்படவில்லை. முதலில் காது பரிசோதனைக்கும் குழந்தை டாக்டரிடமும் அனுப்பினாள். இரண்டு இடத்திலும் குறை ஒன்றும் இல்லை, நிறைய தண்ணீர் கொடுங்கள் என்று மட்டும் டாக்டர் சொன்னார். பிறகு மிஸ் ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தாள்.

"கொழந்த கேக்கறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, அவ என்ன பண்ணா, அதுக்கப்புறம் நீங்க என்ன பண்ணீங்க. இந்த மூணும் எழுதுங்க. நல்லவங்க மாதிரி எழுத வேணாம். நடந்தத எழுதுங்க."

"அவளே மறந்துட்டாளோ என்னமோ மிஸ்?"

"மறக்கலக்கா. கேட்டு ஏதாவது கெடச்சா திரும்பவும் கேப்பா. கெடைக்கல, இல்ல அதுக்குத் திட்டு விழுதுன்னா நிறுத்திடுவா. நீங்களும் நானும் அப்படித்தான். எங்க கெடைக்காம போச்சுன்னு பாக்கணும்."

ஒரு வாரம் எழுதினேன். செக்கிங் டேபிளில் இருப்பவளுக்குத் தப்பைக் குறிப்பது கஷ்டமில்லை என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது அந்தப் பக்கத்தைப் படித்தேன். மூன்றாவது கட்டத்தில் என் கையெழுத்தில் ஒரே சொல் வரிசையாக நின்றது. இரு என்றேன். இரு என்றேன். போன் பார்த்துக்கொண்டிருந்தேன், இரு என்றேன். துணி மடித்துக்கொண்டிருந்தேன், இரு என்றேன். அவள் கையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற ஒவ்வொரு தடவையும் அதுதான். அன்று ஒரே நாளில் ஒன்பது. "தூ" என்ற சத்தத்தைக் கேட்டு நான் தூக்கியது ஒரே ஒரு தடவை. நோட்டை மூடிவிட்டேன். நாள் முழுக்கப் பசைக்குப் பக்கத்தில் நின்றால் தலைக்குள் ஒரு குமட்டல் ஏறும், அந்த மாதிரி இருந்தது.

நோட்டில் கணவரின் வரிசை வேறு விதம். பிஸ்கெட் அட்டையை அவள் நீட்டினால் அவர் வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். "வாயால சொல்லு. பிஸ்கெட்டு. சொல்லு, அப்பதான்." அவள் "பிக்கி" என்றால், "சரியா சொல்லு." இரண்டு மூன்று தடவை முயற்சி செய்துவிட்டு அவள் போய்விடுவாள்.

"ஏங்க, அட்டை குட்த்தா குட்த்துடணும்னு மிஸ் சொன்னாங்க இல்ல?" என்றேன்.

"நம்ம தெருவுல இன்னா பேசிக்கறாங்க தெரியுமா உனக்கு? அட்டைய காட்டிகினு திரிஞ்சா ஊமைன்றானுங்க. எனக்குத்தான் அசிங்கமா இருக்கு," என்றார்.

அவருக்குக் குழந்தை மேல் பாசம் இல்லாமல் இல்லை. பாசத்தோடுதான் அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை மிஸ் நோட்டை முழுக்கப் படித்தாள். எங்களைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "தூக்குறது ஏன் நின்னுச்சுன்னு இதுலயே இருக்கு. பிஸ்கெட்டு ஏன் நின்னுச்சுன்னும் இருக்கு. ஆனா மொதல்ல நின்னது தண்ணி இல்ல? தண்ணிக்கு இங்க ஒண்ணும் காணோமே."

"தண்ணிய அவ கேக்காமலே நானே ஊத்திக் குட்த்துடுவேன் மிஸ். சாயங்காலம் பஸ்ஸ விட்டு இறங்கும்போதே ஒதடு காஞ்சிருக்கும். வெயிலாச்சே."

மிஸ் அந்தப் பக்கத்தில் ஒரு கோடு போட்டாள். "அப்ப வீட்ல அவ கேக்க வேண்டிய அவசியமே இல்ல. சரி. ஒதடு ஏன் காஞ்சிருக்கு? பகல்ல எங்க இருக்கா?"

கிரீச் என்று சொன்னேன். ஆனால் அங்கே தண்ணீர் குடிக்கிறாள் என்றும் சொன்னேன். காலையில் அவளுடைய பச்சை பாட்டிலை நிரப்பி, நீல ஃபைலோடு கொடுப்பேன். சாயங்காலம் அது காலியாகத்தான் வரும்.

கிரீச்சில் இருந்தது ஒரே ஒரு அம்மாள். ஐம்பது வயது இருக்கும். நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். மூன்று கட்டத் தாளை அவரிடமும் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். ஐந்து நாளுக்கும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில், "நன்றாக இருந்தாள்" என்று எழுதியிருந்தது. எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. எந்தக் குழந்தைக்கும் பொருந்தும்.

மறுநாள் பதினோரு மணிக்கு சூப்பர்வைசரிடம் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு லைனை விட்டு இறங்கினேன். கழிவறைப் பக்கம் போகிற மாதிரி போய், கேன்டீனைச் சுற்றிக்கொண்டு கிரீச்சின் பின் ஜன்னலுக்கு வந்தேன்.

உள்ளே சத்தமே இல்லை. பதினான்கு குழந்தைகள் இருந்த அறையில் மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. சில குழந்தைகள் படுத்திருந்தன. இரண்டு பேர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் நின்றுகொண்டிருந்தாள். மூலையில் ஒரு இரும்பு பீரோ. அதன் தலையில் வரிசையாக பாட்டில்கள். சிவப்பு, மஞ்சள், என் மகளின் பச்சை. எல்லாம் கழுத்துவரை நிறைந்திருந்தன. மணி பதினொன்று. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அவள் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபைலைத் திறக்கவில்லை. வாயைத் திறக்கவில்லை. அப்போது இரண்டு வயதுகூட ஆகாத இன்னொரு குழந்தை தவழ்ந்து வந்து அந்த அம்மாளின் புடவையைப் பிடித்துக்கொண்டு, பீரோவைக் காட்டி "ஆ ஆ" என்றது. அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் அந்தக் கையின் மேல் பட்டென்று ஒரு தட்டு தட்டினார். கோபமே இல்லை. பாத்திரத்துக்கு மூடி போடுகிற மாதிரி தட்டினார். பிறகு குழந்தையைத் தோளில் பிடித்து மறுபக்கம் திருப்பி உட்கார வைத்தார். குழந்தை அழவில்லை. என் மகள் அதைப் பார்த்துவிட்டுத் தானாகவே சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். "இன்னாக்கா இது?"

அவர் பதறவில்லை. "இன்னாம்மா இந்நேரத்துல?"

"பாட்டிலுங்க ஏன் மேல இருக்குது? கொழந்தைங்களுக்குத் தண்ணி குடுக்கலயா?"

"குடுக்காம இன்னா. சோறு துன்னும்போது ஒரு வாய் குடுப்பேன்."

"எம்பொண்ணு படம் காட்டுனாளே, தண்ணி படம்?"

"அத்த காட்டிகினே இருந்துச்சு. சும்மா சும்மா காட்டும். நாந்தான் எடுத்து வெச்சேன்." பீரோவின் மேலேயே கையை நீட்டி எடுத்துக் கொடுத்தார். அட்டையின் மேல் தூசி படிந்திருந்தது. எத்தனை நாளாக அது அங்கே இருந்தது என்று தெரியவில்லை. ஃபைலில் தண்ணீர் படம் இல்லை என்பதை நான் ஒரு நாளும் கவனிக்கவில்லை.

"சாயங்காலம் பாட்டில் காலியா வருதே?"

அவர் கை கழுவும் தொட்டியைத்தான் பார்த்தார்.

அந்தத் தொட்டியில் பதினான்கு பாட்டில் தண்ணீரும் தினமும் நாலரை மணிக்குக் கொட்டப்பட்டிருக்கிறது. நான் காலி பாட்டிலை வாங்கி, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம், "முழுசா குட்சிட்டா பாரு," என்று காட்டியிருக்கிறேன்.

"தண்ணி குட்த்தா ஒண்ணுக்குப் போவுதும்மா," என்றார் அவர். இப்போதுதான் குரல் உயர்ந்தது. "பதினாலு புள்ளைங்க, நான் ஒருத்தி. கக்கூஸு அந்தக் கோடியில கீது. ஒண்ண கூட்டினு போனா மீதிய யாரு பாக்கறது? இங்கியே போனா தரை நாறுதுன்னு என்னத்தான் கத்துறாங்க. வந்து பாக்கறவங்க எல்லாம் கிரீச்சு சுத்தமா கீது, சத்தமே இல்லன்னு சொல்லிட்டுப் போறாங்க. நீ மட்டும் வந்து கேக்கற."

சொன்னதில் பொய் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு கெட்டவள் முன்னால் நிற்பதாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எனக்கு முன்னால் நின்றது முதுகு வலிக்கிற, கால் வீங்கிய ஒரு பெண். அவர் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதான். கேட்கிற கையைத் தட்டினால் கேட்பது நின்றுவிடும். அது வேலை செய்திருக்கிறது. அறை அமைதியாக இருந்தது.

பச்சை பாட்டிலை எடுத்து மகளிடம் நீட்டினேன். அவள் என்னை விட்டுவிட்டு அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தாள். பிறகுதான் குடித்தாள். பாதி பாட்டில் ஒரே மூச்சில் போனது.

அங்கிருந்து நேராக ஆபீசில் போய்ச் சொன்னேன். அங்கே இருந்த ஆபீசர் என்னை உட்காரச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார். ஒரு ஃபைலைத் திறந்து காட்டினார். கிரீச்சில் தண்ணீர் டிஸ்பென்சர் இருக்கும் போட்டோ. சுவரில் யானை படம், பக்கத்தில் டிஸ்பென்சர், அதற்கு முன்னால் பலூன் பிடித்த ஒரு குழந்தை.

"எல்லா வசதியும் குடுத்திருக்கோம் பாருங்கம்மா. போட்டோ இருக்கு."

"அந்த மிஷினு இப்ப எங்க சார்?"

"ஆடிட் முடிஞ்சு கேன்டீனுக்குப் போயிருக்கும். அடுத்த மாசம் ஷூ வாங்கற வெளிநாட்டு பையர் பாக்க வர்றாங்க, அப்ப வந்துடும். பெருசு பண்ணாதீங்க. உங்க கொழந்தைக்கு வேற ஏதோ ப்ராப்ளம் இருக்குன்னு கேள்விப்பட்டேன். அதனால கூட இருக்கலாம் இல்லையா?"

அவர் சட்டையிலிருந்து நல்ல சென்ட் வாசனை வந்தது. இன்றைக்கும் அந்த வாசனை பஸ்ஸில் யார் மேலாவது வந்தால் நான் சீட் மாறி உட்கார்ந்துகொள்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் மற்ற அம்மாக்களிடம் சொன்னேன். முதலில் யாரும் நம்பவில்லை. ஒருத்தி, "எம்பையன் ரெண்டு வருசமா அங்கதான் கீறான், ஒண்ணும் ஆவல," என்று டிபன் பாக்ஸை மூடினாள். அவள் பையனுக்குச் சிறுநீர் போகும்போது எரிச்சல் என்று இரண்டு தடவை லீவு போட்டது எல்லோருக்கும் தெரியும். மூடிய பாக்ஸைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு அவள்தான் முதலில் எழுந்தாள். மூன்று மணி டீ நேரத்தில் எட்டு பேர் கிரீச்சுக்குப் போனோம். சண்டை போடவில்லை. அவரவர் பாட்டிலை பீரோவிலிருந்து இறக்கி, அவரவர் குழந்தைக்குக் கொடுத்து, கழிவறைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டு லைனுக்குத் திரும்பினோம். எட்டு பேரும் தாமதம். அன்றைக்கு முடிக்க வேண்டிய டார்கெட் முடியவில்லை. அடுத்த நாளும் அப்படியே செய்தோம். அதற்கடுத்த நாளும் செய்தோம். போட்டோவைக் காட்டி எங்களை நிறுத்த முடியவில்லை. பத்தாம் நாள் கிரீச்சுக்கு இன்னொரு பெண்ணை வேலைக்குப் போட்டார்கள். பிறகு வாசலிலேயே குழந்தைகளுக்கென்று ஒரு சின்ன கழிவறையும் கட்டினார்கள்.

அந்த அம்மாளை வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்றுதான் நான் விரும்பினேன், மறைக்கவில்லை. என் மகளைப் பார்த்துக்கொள்ள எனக்கு வேறு ஆள் இல்லை. தினமும் காலையில் அதே கைகளில்தான் அவளைக் கொடுத்தேன். கொடுக்கும்போது அந்த விரல்களைப் பார்ப்பேன். அவர் இப்போது என் மகளைக் "கண்ணு" என்று கூப்பிடுகிறார். கேட்கும்போதெல்லாம் உடம்பு கூசுகிறது.

அதன் பிறகு வீட்டில் மிஸ் சொன்னபடி செய்தோம். கேட்காமல் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பதை நிறுத்தினேன். அதற்காக அவள் தாகத்தோடு இருக்கக்கூடாது என்பதில் மிஸ் கறாராக இருந்தாள். டம்ளரை அவள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்து, புதுத் தண்ணீர் படத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கூடவே உட்கார வேண்டும். அவள் கை அட்டைப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தாலும் உடனே கொடுத்துவிட வேண்டும். ஒரு வாய் அளவுதான் ஊற்ற வேண்டும், அப்போதுதான் மறுபடி கேட்பாள். நகரவே இல்லையென்றால் கொஞ்ச நேரத்தில் நானே கொடுத்துவிடலாம்.

முதல் மூன்று நாள் நகரவே இல்லை. நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு டம்ளரைப் பார்ப்பாள். கையை மடியில் வைத்துக்கொள்வாள். நான்காம் நாள் ஒரு விரல் அட்டையைத் தொட்டது. கொடுத்தேன். கையை எடுத்துக்கொண்டாள். யாராவது தட்டுவார்களா என்று பார்த்தாள். மறுபடி தொட்டாள். அன்று பதினேழு வாய் தண்ணீர் குடித்தாள். என் கணவர் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்து, சட்டைப் பையிலிருந்த பிஸ்கெட் அட்டையை எடுத்து ஃபைலில் வைத்தார். மறுநாளிலிருந்து அட்டை கைக்கு வந்த உடனே பிஸ்கெட் கொடுத்தார்.

"ண்ணி" திரும்பி வர இரண்டரை மாதம் ஆனது. "தூ" அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது, ஏனென்றால் அது என் ஒருத்தியின் தப்பு. குழம்பு தீய்ந்தாலும் தூக்கினேன்.

இப்போது அவளுக்கு ஐந்து வயது. மூன்று சொல் சேர்த்துப் பேசுகிறாள். "அம்மா, தண்ணி குடு" என்று தெரு கேட்கிற மாதிரி கத்துகிறாள். அட்டைகளைத் தொடுவதே இல்லை. அட்டைப் பயிற்சி முடிந்தது என்று மையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் டம்ளரைக் கையில் வாங்கியதும் அவள் உடனே குடிப்பதில்லை. கொடுத்தவரின் முகத்தை ஒரு நொடி நிமிர்ந்து பார்க்கிறாள். நான் கொடுத்தாலும் பார்க்கிறாள், அவள் அப்பா கொடுத்தாலும் பார்க்கிறாள். பார்த்த பிறகுதான் டம்ளர் வாய்க்குப் போகிறது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று நோட்டில் எழுதி வருகிறேன். இன்னும் குறையவில்லை.